கேட்காமல் மாற்றிய மவுஸ்

திங்கள்

காலையிலிருந்து தூறல். ஹார்பர் தொழிலாளர் சங்க ஆபீஸ் ஜன்னல் கம்பியில் உப்புத் துரு.

என் மவுஸை யாரோ மாற்றியிருக்கிறார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வலது கையில் இரண்டு விரல் இல்லை. சரக்குத் தூக்கும் வின்ச்சின் கம்பிவடம் எடுத்துக்கொண்டது. மவுஸ் இடது கையில்தான். இடக்கை ஆள்காட்டி விரல் வலப்பக்கப் பட்டனில் விழும். அதுவே முதல் பட்டன் ஆகவேண்டும். போன வருடம் புத்தகம் பார்த்து நானே லினக்ஸில் ஒரு வரி எழுதி அப்படி ஆக்கினேன். இன்று பழையபடி தலைகீழ். கோப்பைத் திறக்கப் போனால் மெனு விழுகிறது.

செய்தது செயலாளர் தேவராஜாகத்தான் இருக்கும். போன கமிட்டியில் அவர் என்னைப் பற்றிச் சொன்னது: "நைனாவுக்கு இன்னாத்துக்கு இந்த பேஜாரு? டோல்கேட்ல டிடிபி கடை கீது. மாசாமாசம் நோட்டீஸ அங்க குட்த்துடலாம்." சனிக்கிழமை முடிவு எடுப்பார்களாம். நான் அடிக்கும் நோட்டீஸ் போனால் எனக்கு இங்கே நாற்காலி எதற்கு?

செவ்வாய்

வெயில். முட்டி வலி இல்லை.

அமைப்புக் கோப்பைத் திறந்து பார்த்தேன். அதன் கடவுச்சொல் எனக்கு மட்டும்தான் தெரியும். என் வரி அப்படியே:

Option "ButtonMapping" "3 2 1"

ஒரு எழுத்து மாறவில்லை. மவுஸ் மட்டும் மாறியிருக்கிறது. எப்படி?

தேவராஜைக் கேட்டேன். டீயைக் கீழே வைக்காமல், "உன் எலிய நான் இன்னாத்துக்கு நைனா தொடப்போறேன்? எனக்குக் கம்பூட்டர ஆன் பண்ணவே தெரியாது" என்றார். நம்பவில்லை.

ஹார்பரில் ஷிஃப்ட் முடிந்து இறங்கும் ஆள், ஏறும் ஆளிடம் எந்த லிவர் தளர்ந்திருக்கிறது, பிரேக் எங்கே பிடிக்கும் என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கவேண்டும். சொல்லாமல் போனவனை அடித்தே இருக்கிறோம். மானிட்டரில் சீட்டு ஒட்டினேன்: "தொட்டவர் பெயர் எழுதவும்."

புதன்

என் வரியை எடுக்கமாட்டேன். அது சரியான வரி.

மவுஸைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டேன். புத்தகத்தில் இன்னொரு வழி: ஷிஃப்ட் விசையோடு நம்லாக் விசை. கீபோர்டின் எண் பலகையே மவுஸ் ஆகிவிடுகிறது. 8 மேலே, 2 கீழே, 5 அமுக்கினால் கிளிக். வின்ச் மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகப் போய் நிற்கிறது. நோட்டீஸ் இரண்டு பக்கம் முடிந்தது. மனசுக்கு நன்றாக இருந்தது. மணி போனதே தெரியவில்லை.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். மீன் கழுவிக்கொண்டே: "எலியோட ரோசம் பண்ற ஆள இப்பத்தான் பாக்கறேன்." வஞ்சிரம் நல்ல ருசி.

வியாழன்

சீட்டில் ஒரு பெயர். பிலோமினா.

உறுப்பினர் பட்டியல் ஏற்றுகிற பெண். அதே கம்ப்யூட்டரில் காலை நேரம் அவளுடையது, மதியம் என்னுடையது. மூன்று நாளாக லீவு. கத்திவாக்கத்தில் அண்ணன் குழந்தைக்கு ஞானஸ்நானம். இன்றுதான் வந்தாள். எனக்காகக் காத்திருந்தாள்.

"நான்தான் அண்ணே. நீங்க மவுஸ மாத்தி வச்சதுலர்ந்து ஒரு வருசமா நடுவிரல்லயேதான் அமுக்கிக்கினு இருந்தேன். போன மாசந்தான் செட்டிங்ல இடக்கைன்னு ஒரு கட்டம் பாத்தேன். டிக் வச்சா எனக்கு சரியாவுது. காலைல வைப்பேன், போறப்ப எடுத்துடுவேன். போன சனிக்கிழமை கரண்ட் பூட்ச்சி. எடுக்க முடில."

வலது கைக்காரி இடக்கை என்று டிக் வைத்தால் எப்படிச் சரியாகும் என்று கேட்டேன்.

"எனக்கு இன்னா தெரியும்? எனக்கே சிரிப்பா வருது."

பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. கோப்பில் ஒரு திருப்பு, கட்டத்தில் ஒரு திருப்பு. இரண்டு திருப்பினால் பழைய இடம். என் வரி இயந்திரத்துக்கே பொது. யார் உட்கார்ந்தாலும் இடக்கைதான்.

"ஒரு வருசமா ஏன் சொல்லல?"

"நீங்க எங்கிட்ட சொன்னீங்களா அண்ணே, மாத்தப்போறேன்னு?"

அவள் கொண்டுவந்த கேக் இரண்டு துண்டு தின்றேன்.

வெள்ளி

மேகம். காற்று நன்றாக. நோட்டீஸ் எட்டுப் பக்கமும் முடிந்தது. நாளை கமிட்டி. அதற்குள்:

கோப்பிலிருந்து என் வரியை எடுப்பது — நான்.

ஆளுக்கொரு லாகின் போடுவது — நான். இடக்கை டிக் என்னுடையதில் மட்டும்.

தன் பெயரில் நுழைவது, எல்லா விரலும் சௌகரியமா என்று பார்த்துச் சொல்வது — பிலோமினா.

டோல்கேட் பேச்சை விடுவது — தேவராஜ். எட்டுப் பக்கத்தையும் முதலில் அவர் கையில் கொடுக்கவேண்டும்.

அவர் தொடவில்லை என்று கமிட்டியில் எழுந்து சொல்வது — நான். ஒரு வாக்கியம் போதும். மன்னிப்பு என்ற சொல் வேண்டாம்.

மானிட்டர் சீட்டைக் கிழிப்பது — யாரும் கிழிக்க வேண்டாம். பிலோமினா பெயருக்கு மேலே கொஞ்சம் இடம் இருக்கிறது. அங்கே என் பெயரை எழுதுவது — நான்.