ரோமாபுரித் தண்ணீரும் நீங்கள் அடித்த வரியும்

சார்வாளுக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது. கோடு போட்ட தாள் வாங்கியும் வரிகள் ஏறி இறங்குகின்றன. நான் பேனாவை வால்வுச் சாவி மாதிரிப் பிடிக்கிறேன் என்று உங்கள் வீட்டு அம்மாள் சொல்கிறார்கள். இருபது வருஷம் தெருத் தண்ணீர்க் குழாயைத் திறந்து மூட அந்த இரும்புச் சாவியைப் பிடித்த கை வேறு எப்படிப் பிடிக்கும்? கையெழுத்துக்காக மன்னித்துக்கொள்ளுங்கள். இந்தக் கடிதத்தில் நான் கேட்கிற மன்னிப்பு இது ஒன்றுதான். காரணம் போகப்போகத் தெரியும்.

என் முன்னால் ஒரு தாள் கிடக்கிறது. மடித்த இடமெல்லாம் பழுப்பேறிவிட்டது. கீழ் மூலையில் நீல மையில் ஒரு கட்டைவிரல் ரேகை, ரேகைக்குக் குறுக்கே ஒரு தழும்பு. வால்வு மூடி விழுந்து வெட்டிய என் விரல்தான். நீங்கள் போன பிறகு, உங்கள் தகரப் பெட்டியை வெயிலில் வைக்க அம்மாளுக்கு உதவியாக வந்திருந்தேன். அப்போதுதான் இது அகப்பட்டது. “தாணு, இது உம்ம விரல் மாதிரி இருக்கே” என்று நீட்டினார்கள். அன்றைக்கு அந்தத் தாளில் எனக்குப் படிக்கத் தெரிந்தது விரல் மட்டும்தான். மற்றதெல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி.

படித்துச் சொல்லச் சொன்னேன். அம்மாள் பார்வையை ஒருதரம் ஓட்டிவிட்டுத் தாளை மடித்துவிட்டார்கள்.

“நான் படிச்சா நீரு எம்மேலே கோவப்படுவீரு. எழுதினவர்மேலே கோவப்படணும்னா நீரே படியும்.”

“எனக்கு அறுபத்திரண்டு வயசு அம்மா.”

“அப்போ நாளைக்கே ஆரம்பியும்.”

பத்து மாசம் ஆயிற்று. உங்கள் பழைய சிலேட்டில்தான் படித்தேன். அம்மாள் உங்களைப்போல் இல்லை. கதை கிடையாது, சிரிப்பு கிடையாது, தப்பு எழுதினால் முழுவதும் அழித்துவிட்டு மறுபடி. ஆனால் சார்வாள், என் பெயரை முதல்முறை நானே எழுதி நானே வாசித்த அன்று, கரமனைப் பாலம்வரை போய்த் திரும்பி வந்தும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இப்போது சாலைக் கடைத்தெருவில் தமிழில் எழுதிய போர்டு எது கண்ணில் பட்டாலும் நின்று வாசிக்கிறேன். மளிகைப் பொட்டலம் கட்டிவந்த பேப்பரையும் விடுவதில்லை. செய்தி பாதியில் கிழிந்திருந்தால் அன்றைக்கெல்லாம் எரிச்சல். நீங்களும் அந்த மாதிரித்தான், பாதியில் கிழித்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

எனக்கு ரோமாபுரியை யார் காட்டித் தரச் சொன்னது? நான் பாட்டுக்கு ஆற்றுப் படித்துறைக்குப் போகிற முக்கில் வால்வைத் திறந்துகொண்டிருந்தேன். நீங்கள் குளித்துவிட்டு, ஈர வேட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வருவீர்கள். பள்ளிக்கூடத்தில் அன்றைக்கு நடத்த வேண்டிய சரித்திரப் பாடத்தை முதலில் என்னிடம் நடத்திப் பார்ப்பீர்கள். “என்னவே, இந்தத் தண்ணி எங்கேருந்து வருது?” என்று ஒருநாள் கேட்டீர்கள். அருவிக்கரை அணையிலிருந்து என்றேன். “இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே ரோமாபுரிக்காரன் மலையிலேருந்து கொண்டுவந்தான் வே. கல்லால் வளைவு வளைவாகக் கட்டி, அதுக்கு மேலே வாய்க்கால்” என்றீர்கள். அன்றோடு நான் கெட்டேன்.

அந்த ஊரில் தண்ணீருக்கென்று ஒரு பெரிய அதிகாரி. அவருக்குக் கீழே என்னைப்போல நூற்றுக்கணக்கான ஆட்கள். தெருமுனைக்குத் தெருமுனை கல்தொட்டி. ஏழைகள் ஐந்தாம் மாடியில் வாடகைக்குக் குடியிருந்தார்கள். தொட்டியில் மொண்டு, குடத்தோடு அத்தனை படியும் ஏற வேண்டும். பணக்காரர் வீட்டுக்குக் குழாய் வேண்டுமென்றால் ராஜாவின் எழுத்து வேண்டும். அவர் செத்தால் அந்த உரிமையும் போயிற்று. பிள்ளை வந்து புதிதாகக் கேட்க வேண்டும். அங்கேயிருந்த எங்களவர்களும் யோக்கியர்கள் இல்லை. பூமிக்கடியில் குழாயில் துளைபோட்டுத் திருட்டுத் தண்ணீர் விற்றார்கள். அதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தீர்களே! “நான் துளை போட்டதில்லை” என்று நான் பதறினேன். நீங்கள் சிரித்த சிரிப்பில் படித்துறையில் துணி துவைத்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இரண்டு விஷயம் சொன்னீர்கள். அவை இரண்டும்தான் என்னைக் கவிழ்த்தன.

ஒன்று, தண்ணீர் குறைந்தால் முதலில் பணக்காரர் வீட்டுக் குழாயை அடைக்க வேண்டும், தெருத்தொட்டி கடைசியில்தான் வறள வேண்டும் என்பது. இன்னொன்று, டிரிப்யூன் என்ற ஆள். ஏழை ஜனங்கள் தங்களுக்கென்று தேர்ந்தெடுத்த அதிகாரி. அவர் வீட்டுக் கதவை இரவும் பகலும் பூட்டக் கூடாது, யார் வேண்டுமானாலும் நுழையலாம். எவ்வளவு பெரிய உத்தரவானாலும் அவர் குறுக்கே நின்று “கூடாது” என்று ஒரு வார்த்தை சொன்னால் அது நின்றுவிடும். அவர்மேல் யாரும் கை வைக்க முடியாது. “ஒரே வார்த்தை வே” என்றீர்கள். அந்த வார்த்தையை வால்வுச் சாவியைச் சுற்றும்போதெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொள்வேன்.

பிறகு அந்தப் பங்குனி வந்தது. மகாராஜா ஆட்சி போய் மந்திரிகள் வந்து இரண்டு வருஷம் ஆகியிருக்கும். ஆற்றில் பாறை தெரிந்தது. மேட்டுப் பக்கத்துப் பெரிய வீடுகளுக்கு எட்டு மணிவரை தண்ணீர், தெருக்குழாய்களுக்கு அரை மணி நேரம் என்று ஓவர்சியர் வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போனார். அரை மணி நேரத்தில் எத்தனை குடம் நிறையும்? விடிவதற்கு முன்பே குடங்கள் வரிசையில் நிற்கும். தோசைக்கு மாவரைத்து விற்கிற பொன்னம்மை ஒருநாள் காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டாள்: “அண்ணாச்சி, உம்ம சாவி பெரிய வீட்டுக் கதவை மட்டும்தான் திறக்குமோ?”

எல்லோரும் சிரித்தார்கள். நான் மறுநாள் மேட்டு வால்வை அடைத்துவிட்டுத் தெருக்குழாயைத் திறந்துவிட்டேன். மூன்று நாள். முதல் இரண்டு நாளும் அவர்கள் வீட்டு மாடித் தொட்டியில் இருந்த தண்ணீர் ஓடியிருக்கும் போலிருக்கிறது. மூன்றாம் நாள், உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரிய மனிதர், தலை நிறையச் சோப்போடும் இடுப்பில் துண்டோடும் வாசலுக்கு வந்து கத்தினார். பொன்னம்மை ஒரு குடம் தண்ணீர் கொண்டுபோய் அவருக்குக் கொடுத்தாள். அதுதான் அவருக்கு அதிகமாகச் சுட்டது.

என்னை ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். எஞ்சினீயர் மலையாளத்தில், “தன்னோடு ஆரு பறஞ்ஞு இங்ஙனெ செய்யான்?” என்று கேட்டார். யார் சொல்லிச் செய்தாய் என்றால் என்ன சொல்வது? உங்கள் பெயரைச் சொல்லக் கூடாது என்று மட்டும் தோன்றியது. “ரோமாபுரியிலே இப்படித்தான் சார்” என்றேன்.

“ரோமாபுரியோ? அது ஏது செக்ஷனாடோ?”

அது எந்த செக்ஷன் என்று அவர் கேட்டதும் குமாஸ்தாக்கள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினார்கள். ஒரு வாரத்துக்குள் எழுத்தில் விளக்கம் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வேலை போகும் என்று ஒரு மெமோவைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள்.

நேரே உங்கள் வீட்டுக்குத்தான் வந்தேன். கதவு திறந்திருந்தது. டிரிப்யூன் வீடு என்று நினைத்துக்கொண்டு நுழைந்தேன். நீங்கள் மெமோவைப் படித்துவிட்டுத் தலையில் கையை வைத்தீர்கள். “வே, அது இப்படிச் செய்யணும்னு ஒரு ஆள் புஸ்தகத்திலே எழுதிவச்சது. ரோமாபுரியிலேயே அப்படிச் செஞ்சாங்களான்னு யாருக்குத் தெரியும்?”

இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா? ஆறு வருஷமாக இந்தக் கேள்வி என் தொண்டையில் நிற்கிறது. ஆற்றங்கரையில் சொல்லும்போது உங்கள் குரலில் ஒரு சந்தேகமும் இல்லையே!

சரி, நடந்தது நடந்துவிட்டது என்று நான் சொன்னேன், நீங்கள் எழுதினீர்கள். என் வார்த்தைகள் எனக்கு இன்றும் அப்படியே நினைவிருக்கின்றன. “தெரிஞ்சுதான் செய்தேன். தெருவிலே குடம் காலியா நிக்கும்போது வீட்டுக்குத் தண்ணி விட எனக்குக் கை வரலை. இது தப்புன்னு எனக்குத் தோணலை.” நீங்கள் தமிழில் ஒரு தாளில் எழுதி, பிறகு அதைப் பார்த்து இன்னொரு தாளில் இங்கிலீஷில் எழுதினீர்கள். இங்கிலீஷ் நீளமாக இருந்தது. “சரியா வந்துட்டா சார்வாள்?” என்று கேட்டேன். “எல்லாம் வந்துட்டு வே” என்றீர்கள். மை அதிகமாக இருக்கிறதா என்று பார்க்கத் தமிழ்த் தாளின் மூலையில் விரலை ஒருதரம் வைக்கச் சொன்னீர்கள். அதன் பிறகு இங்கிலீஷ் தாளில் வைத்தேன்.

பதினைந்து நாளில் எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். அதே வால்வு, அதே சாவி. எனக்குத் தலை கால் புரியவில்லை. தெரிந்துதான் செய்தேன் என்று சர்க்காருக்கே எழுதிக் கொடுத்தேன், சர்க்கார் ஒப்புக்கொண்டது என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! குழாயடியில் சொன்னேன். மகள் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாரிடம் சொன்னேன். அதற்குப் பிறகு ஓவர்சியர் முன்னால் நான் துண்டை இடுப்பில் கட்டியதில்லை. நீங்கள் படுக்கையில் கிடந்த கடைசி மாசத்திலும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அதையே சொன்னேன். நீங்கள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “ரோமாபுரிக்காரன் உம்மகிட்டே தோத்தான் வே” என்றீர்கள். பாராட்டு என்று நினைத்து வீடுவரை நிமிர்ந்து நடந்தேன்.

போன வெள்ளிக்கிழமை அம்மாள் தாளைக் கையில் கொடுத்தார்கள். எழுத்துக் கூட்டி வாசித்தேன். இப்படி இருக்கிறது: “நான் எழுத்தறிவு இல்லாதவன். மேலதிகாரிகளின் உத்தரவைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல், அறியாமையினால் இப்பிழையைச் செய்துவிட்டேன். ஏழைக் குடும்பஸ்தனாகிய என்னைக் கருணை கூர்ந்து மன்னிக்க வேண்டுகிறேன்.”

அறியாமையினால் என்ற சொல்லை நாலு தடவை கூட்டிப் பார்த்தேன். தப்பாக வாசிக்கிறேனோ என்று. அம்மாள் அடுப்படியிலிருந்து, “சரியாத்தான் வாசிக்கீரு” என்றார்கள்.

ஆக, என்னை விட்டது நான் சொன்னதற்காக இல்லை. ஒன்றும் தெரியாத முட்டாள் என்று நீங்கள் எழுதிக் கொடுத்ததற்காக. அதன் கீழே என் விரலும் இருக்கிறது. குமாஸ்தாக்கள் இதையே இங்கிலீஷில் படித்துவிட்டுத்தான் என் நிமிர்ந்த நடையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள், இத்தனை வருஷமும்.

அம்மாள் எதிரே வந்து உட்கார்ந்தார்கள். “உம்ம மக கல்யாணம் அந்தச் சித்திரையிலேதானே? வேலை போயிருந்தா நின்னிருக்கும். அவரு ரெண்டு நாளு சரியாச் சாப்பிடலை.”

எனக்கு அது புரியாமல் இல்லை. என்னிடம் கேட்டிருந்தால் நான் மாட்டேன் என்றிருப்பேன், அதனால்தான் நீங்கள் கேட்கவில்லை. புரிந்தும் ஆறவில்லை சார்வாள். கதவு திறந்த வீடென்று நம்பி உள்ளே வந்தவனிடம், கூடாது என்று சொல்ல வேண்டிய இடத்தில் கருணை கூர்ந்து என்று எழுதினீர்களே. கல்யாணம் முடிந்த பிறகாவது ஒருநாள் ஆற்றங்கரையில் சொல்லியிருக்கலாம். நான் கத்தியிருப்பேன். நாலு நாள் உங்கள் பக்கம் வராமல் இருந்திருப்பேன். ஐந்தாம் நாள் வந்திருப்பேன் என்று உங்களுக்குத் தெரியாதா? இப்போது யாரிடம் கத்துவது? அம்மாளிடம் கத்தினால் சிலேட்டைத் தூக்குகிறார்கள்.

மறுநாள் வெளிச்சத்தில் வைத்து இன்னொரு தடவை வாசித்தேன். அப்போதுதான் பார்த்தேன், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வரி இருக்கிறது. குறுக்கே ஒரே ஒரு கோடு போட்டு அடித்திருக்கிறீர்கள். அடித்தாலும் படிக்க முடிகிறது: “தெரிந்துதான் செய்தேன்.” அதற்கு மேல் நீங்கள் எழுதவில்லை. என் சொல்லை எழுத ஆரம்பித்து, அங்கேயே நின்றுவிட்டீர்கள். எவ்வளவு நேரம் நின்றீர்களோ. நான் எதிரே உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு எதுவும் தெரியவில்லை.

நீங்கள் நின்ற அந்த இடத்திலிருந்து இப்போது நான் எழுதுகிறேன். இரண்டு நாள் பிடித்தது. ஆபீஸுக்கென்று தனித்தாளில் எழுதியதை இங்கேயும் எழுதுகிறேன், பாருங்கள்:

“ஐயா, முன்பு என் பேரில் வந்த விளக்கம் என் சொல் அல்ல. மேட்டு வால்வைத் தெரிந்துதான் அடைத்தேன். தெருவுக்குத் தண்ணீர் இல்லாமல் வீட்டுக்கு விடக் கூடாது. மன்னிப்புக் கேட்கவில்லை. தாணுமாலயன், முன்னாள் வால்வுக்காரன்.”

கீழே விரல் இல்லை. கையெழுத்து.

“பென்ஷனை நிறுத்திட்டா?” என்று அம்மாள் கேட்டார்கள். நிறுத்தினால் அதற்கும் ஒரு விளக்கம் எழுதுவேன், எழுதத்தான் தெரியுமே என்றேன். அவர்கள் உள்ளே போய், மடித்து வைக்க ஒரு நல்ல உறை எடுத்து வந்தார்கள். உங்கள் உறைதான்.

திங்கட்கிழமை ஆபீஸுக்குக் கொண்டுபோகிறேன். அவர்கள் என்ன சொன்னார்கள், எந்த செக்ஷனில் வாங்கினார்கள் என்று அடுத்த வாரம் உங்களுக்கு எழுதுகிறேன். அதையும் நானே எழுதுவேன். நீங்கள் ஒரு வரியும் அடிக்க வேண்டாம்.

தாணு