ஆமை புகுந்த வீடு

தங்கச்சி பாவாத்தாளுக்கு,

கோயம்புத்தூரில் செம்மொழி மாநாடு நடந்த வருஷம் நம் வீட்டுக்குள் ஓட்டில் நட்சத்திரக் கோடு போட்ட ஒரு கட்டாமை வந்தது. "ஆமை புகுந்த ஊடு உருப்படாதுங்கண்ணா" என்று சொல்லிவிட்டுப் பல்லடத்துக்கு பஸ் ஏறிய நீ, இன்றுவரை இந்த வாசல் மிதிக்கவில்லை. எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

நான் சொல்லச் சொல்ல எழுதுவது அன்புச்செல்வி, ஆமைகளை ஆராய்கிற பெண். கடத்தல்காரர்களிடம் பிடித்த கட்டாமைகள் எந்தச் சீமையுடையவை என்று தெரியாமல் வனத்துறையார் வைத்திருந்தார்களாம். அவற்றின் ரத்தத்தையும், நம் வீட்டைச் சுற்றிய கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் மேயும் ஆமைகளின் ரத்தத்தையும் எடுத்து டிஎன்ஏ சோதனை செய்ததில், இரண்டும் ஒரே வம்சம் என்று தெரிந்துவிட்டது.

"ஏனுங்க அம்மணி, ஆமைக்கும் குலங்கூட்டம் பாப்பீங்களா?" என்றேன்.

"பாப்பமுங்க ஐயா. உங்க பாட்டனுக்கும் முன்னால இருந்தே இதுக இங்கதான் இருக்குதுங்க."

"அப்ப ஆமை ஊட்டுக்குள்ள நாந்தான் புகுந்துபோட்டனுங்க."

பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை அந்தப் பிடிபட்ட ஆமைகளைக் கொண்டுவந்து நம் கொறங்காட்டில் விடுகிறார்கள். நீயும் வா. அம்மாவும் பெரியண்ணனும் வயசாகித்தான் போய்ச்சேர்ந்தார்கள், ஆமையால் அல்ல. எனக்குக் கூடப்பிறந்தவள் என்று இனி இருப்பது பாவாத்தாள் ஒருத்திதான்.

வழி பார்த்திருக்கும்
உன் அண்ணன்