ஆறு கேள்வியும் ஒரு பதிலும்

ஹட்டன், 3 மார்ச் 1962

புதுத் தலைமை ஆசிரியையான எனக்குப் பள்ளிக்கூடக் குழுவிலும் இடம் உண்டாம். குழுத் தலைவர் அன்ஸார் முதலாளி தன் துணிக்கடையிலிருந்து ஆள் அனுப்பிச் சொன்னார். இருபதாம் தேதி ஆசிரியை வேலைக்கு நேர்முகப் பரீட்சை. குழுவில் சிவசாமி இன்னும் இருக்கிறார்.

பதின்மூன்று வருஷம் காத்திருந்தது வீண் போகவில்லை.

4 மார்ச்

இதே பள்ளி, இதே அறை. 1949. பயிற்சிக் கல்லூரிச் சான்றிதழோடு இதே வேலை கேட்டு வட்டகொடையிலிருந்து ரயிலில் வந்தேன். சிவசாமி அப்போது இங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கணக்கப்பிள்ளை. காலையில் பெரட்டுக் களத்தில் முந்நூறு பேருக்கு வேலை பிரிக்கிற அதே குரலில் என்னையும் கேட்டார்.

"எந்தத் தோட்டம், அப்பன் பேரு என்னா, லயத்து வீட்டுலயா இருக்க, கலியாணம் ஆயிருச்சா, இங்கிலீஷ் சொல்லிக் குடுப்பியா, புள்ளைங்க அடங்காட்டி என்னா பண்ணுவ?"

பெரட்டில் யாரும் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. அப்பா முப்பது வருஷம் எங்கள் தோட்டத்துப் பெரட்டில் நின்று ஒரே சொல்லைத்தான் சொன்னார். அந்தச் சொல் என் வாயிலிருந்தும் வந்தது.

"சரிங்கய்யா."

குழுவினர் சிரித்தார்கள். "படிச்சும் பெரட்டுப் புத்தி போகல பாருங்க" என்றார் சிவசாமி. வேலை அவருடைய மைத்துனிக்குப் போனது. நான் மஸ்கெலியாவில் வேறொரு பள்ளிக்குப் போனேன்.

9 மார்ச்

சிவசாமி இன்னும் அப்படித்தான் கேட்கிறாராம். போன தடவை இரண்டு பெண்கள் அழுதுகொண்டே வெளியே போனார்கள் என்று அன்ஸார் முதலாளி சொன்னார். சொல்லிவிட்டுத் துணி அளக்கத் தொடங்கிவிட்டார்.

12 மார்ச்

எனக்கு என்ன வேண்டும்? அவர் மன்னிப்புக் கேட்க வேண்டுமா? இல்லை. அவர் வாயிலிருந்து அந்தச் 'சரிங்க' வர வேண்டும். நாலு பேர் முன்னால்.

திட்டினால் மறந்துவிடுவார். கேள்விதான் கேட்க வேண்டும். ஒரு கேள்வியில் ஒரு விஷயம். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். கண்ணாடி முன் பழகிப் பார்த்தேன். காத்திருப்பதுதான் கஷ்டம்.

19 மார்ச்

நாளை. வெள்ளைச் சேலைக்கு இஸ்திரி போட்டேன்.

20 மார்ச்

மூன்றாவதாக வந்தவள் பூரணி. வட்டவளைப் பக்கம், லயத்துப் பெண். சிவசாமி ஒரே மூச்சில் ஆறையும் கொட்டினார். அவள் கைகள் தானாகக் கட்டிக்கொண்டன, உதடு பிரிந்தது. என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியாதா?

முந்திக்கொண்டேன். "அதுல ஆறு கேள்வி இருக்குங்க. மொதக் கேள்விய மட்டும் இன்னொருக்கா கேக்குறீங்களா?"

பணிவாகத்தான் கேட்டேன். பிறகு காத்திருந்தேன்.

முதலில் என்ன கேட்டார் என்பது அவருக்கே நினைவில்லை. காகிதத்தைப் புரட்டினார். அதில் ஒன்றும் இல்லை. அன்ஸார் முதலாளி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "கேளுங்களேன் சிவசாமி, புள்ள காத்துக்கிட்டு இருக்கு."

கழுத்து சிவந்துவிட்டது மனிதருக்கு. இன்னும் கொஞ்சம் விட்டேன். அவசரம் என்ன?

பிறகுதான் சொன்னேன். "கொழுந்து நெறைய வர்ற மாசத்துல பாதிப் புள்ளைங்க வகுப்புக்கு வரலன்னா, மொதல்ல எங்க போய்ப் பாப்பீங்க? இப்புடிக் கேட்டாப் போதுங்களா ஐயா?"

அவர் நிமிரவில்லை.

"சரிங்க."

பூரணி பதில் சொன்னாள். "புள்ளக்காம்பராவுக்குப் போவேங்க. அம்மாமாரு மலைக்குக் கொழுந்து பறிக்கப் போயிட்டா பெரிய புள்ளைங்க தம்பி தங்கச்சியப் பாத்துக்கிட்டு வீட்டுல நிக்கும். சின்னதுகள அங்க பாத்துக்கிற ஆயாகிட்ட சேத்துக்கச் சொன்னா, பெருசுங்க பள்ளிக்கூடம் வந்துரும்."

நல்ல பதில். நான் பாதிதான் கேட்டேன். காதில் சிவசாமியின் அந்த ஒரு சொல்லே நின்றது.

24 மார்ச்

வேலை பூரணிக்கே. சிவசாமி குழுவிலிருந்து விலகிக் கடிதம் கொடுத்துவிட்டார். இரண்டு தரம் வாசித்தேன்.

நன்றி சொல்ல முதல் ரயிலில் வந்திருந்தாள் அவள். வாசலிலேயே நிறுத்தினேன். எப்போது வந்து சேருவாய், தங்க இடம் இருக்கிறதா, மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் சேர்த்து எடுப்பாயா, பாட்டு வருமா, சனிக்கிழமை வருவாயா என்று கேட்டேன்.

கை கட்டிக்கொண்டு, "சரிங்க டீச்சர்" என்றாள்.

அவள் படியிறங்கிய பிறகுதான் எண்ணிப் பார்த்தேன். ஐந்து கேள்வி. கூப்பிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கலாம் — கூப்பிடவில்லை. அந்தச் சொல் கேட்க நன்றாக இருந்தது.