ஒரு வருஷப் படிப்பு

என் தங்கமே,

போனில் பேசினால் அப்பா காதில் விழும், அதனால்தான் எழுதுகிறேன். மதுரையில் அந்த டிகிரிக்குச் சேராதே. ஆம்புலன்ஸ் வேலைக்கு ஒரு வருஷ சர்டிபிகேட் படிப்பு இங்கே தென்காசியிலேயே இருக்கிறது. டிகிரிதான் பெரிது, எனக்குத் தெரியாதா? தாய் மகளிடம் கெஞ்சக் கூடாது என்பார்கள். கெஞ்சுகிறேன்.

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. வருஷா வருஷம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு முதல் ஆளாக அருவிக்கு ஓடுகிற மனிதர், இந்த முறை சன்னலைச் சாத்தச் சொல்லுகிறார். டாக்டர் சொன்னது கிடக்கட்டும். ஒரு வருஷம் என்றால் அப்பா உன்னை யூனிஃபார்மில் பார்த்துவிடுவார்.

"ஏட்டி, நாலு வருசந்தான, புள்ள படிச்சிட்டு வரட்டும். நான் இருப்பம்லா" என்றார். என் முகத்தைப் பார்த்தே பேசிப் பழகியவர், அதை மட்டும் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

உன் அம்மா