சுவரில் ஒட்டிய போன்

06.01.2025, திங்கள்

கலியாணத்துக்கு மகள் நஸ்லியாவுக்குக் கொடுக்கிற அறையில், கடல் பக்கச் சுவரில் வெடிப்பு. தம்பி அஸ்ஹர் என் உடைந்த போனை, தறி நூலுக்குப் போடுகிற கஞ்சியாலேயே அந்தச் சுவரில் ஒட்டினான். சார்ஜர் வயரோடு. மேசை மட்டம் பார்க்கிற ஆப் ஒன்று உள்ளே இருக்காம். "பூச்சியத்தில வச்சிருக்கன் ராத்தா. எண் ஏறினா சுவர் சாயுது."

08.01, புதன்

0.2 பாகை. இவர், நஸ்லியாட வாப்பா, சிரிக்கிறார். "பக்கத்து அறையில தறி அடிச்சா போன் ஆடாதா?" இருக்கலாம்.

10.01, வெள்ளி

வெள்ளிக்கிழமை தறி இல்லை. நேற்று அந்தி, மஃரிப் தொழுகையோடு நிப்பாட்டியது. காலையில் 0.3. இவர் ஜும்ஆத் தொழுகை முடிந்து வரும்போது 0.4.

அப்ப ஆட்டினது ஆரு?

கேட்டேன். "கஞ்சி காயல்ல" என்றார், சோற்றைப் பிசைந்துகொண்டே. போன மாரியில் வேலித் தென்னை ரெண்டும் கடலோடு போனதை மறந்திட்டாரா இந்த மனிசன்?

14.01, செவ்வாய்

0.9. கலியாணத்தைத் தள்ளிப் போடுவோம் என்று இவரிடம் சொன்னேன். "வீடு இல்லாத புள்ளைக்கு இந்த ஊரில எவன் மாப்பிள்ளையா வருவான்? வாயை மூடு."

வேறு காணியும் இல்லை.

19.01, ஞாயிறு

மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வந்தார்கள். இவர் முதல் நாளே வெடிப்பைப் பூசி வெள்ளையடித்து, போனைக் கழற்றி அதே சுவரில் அலுமாரிக்குப் பின்னால் ஒட்டி, திரும்பப் பூச்சியத்தில் வைத்துவிட்டார். "பாரு, இப்ப பூச்சியம்தானே?"

மாப்பிள்ளையின் உம்மா சுவரைத் தடவினா. "நல்ல கடல்காத்து." நான் வட்டிலப்பம் வெட்டிக் கொடுத்தேன். என்ட நாக்கு எங்க போச்சு?

02.02, ஞாயிறு

நிக்காஹ் முடிந்தது. அல்ஹம்துலில்லாஹ். இண்டையிலிருந்து ரெண்டு பேரும் அந்த அறையில. யா அல்லாஹ், நீதான் பார்க்கணும்.

03.02, திங்கள்

விடிந்ததும் நஸ்லியாட சத்தம். "உம்மா, கதவு இறுகிட்டு. திறக்கேலாமக் கிடக்கு."

இவர் கதவை உடைக்க இரும்பு அலவாங்கோடு ஓடி வந்தார். "அடிக்காதீங்க! சுவர் அவங்கட மேல வரும்!" கத்திட்டேன், ஊருக்கே கேட்டிருக்கும். இவர் அலவாங்கைப் போட்டுவிட்டு அப்படியே குந்திவிட்டார். இருவரையும் முற்றத்து ஜன்னலால் இறக்கினேன்.

மருமகன் இடுப்புச் சாரத்தைத் தட்டிக்கொண்டு கேட்டார்: "மாமி, அலுமாரிக்குப் பின்னால வெளிச்சம் கண்டு பார்த்தன், ஒரு போன் ஒட்டிக் கிடக்கு. 3.1 எண்டு காட்டுது. அது என்ன?"

மருமகனுடைய உம்மா காலைச் சாப்பாட்டோடு ஆட்டோவில் வந்துகொண்டிருக்கிறா.