ஏறக்குறைய என்ற சொல்

உரும்பிராய்
1936 மாசி

செல்வ மகள் மீனாம்பிகைக்கு அப்பு எழுதுவது. கந்தன் கிருபையால் நானும் அம்மாவும் சுகமே, கோலாலம்பூரில் நீயும் மருமகனும் குழந்தையும் அவ்வாறே இருக்க வேண்டும். அம்மாவின் முழங்கால் நோ குறைந்திருக்கிறது. உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் நடத்தும் மாலை வகுப்பை நிறுத்திவிட்டு மருமகனின் தமையனார் அருளம்பலத்தோடு சமாதானமாகப் போகும்படி கேட்டிருக்கிறாய். மாட்டேன் பிள்ளை.

நடந்ததைக் கேள். அவர் தலைமையாசிரியராயிருக்கும் பள்ளிக்கூடத்துப் பெரிய வகுப்புப் பிள்ளைகள்தான் என்னிடம் வருகிறார்கள். வந்த புதிதில் ஒருவன் காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரிக்கு, இருபது மைல் சொச்சம், ரயில் கோச்சி போக நாற்பத்தாறு மணித்தியாலம் என்று எழுதிக் கொண்டுவந்து காட்டினான். "அப்ப கட்டுச்சோறு எத்தினை நேரத்துக்குக் கட்டவேணும், தம்பி?" என்று கேட்டேன். "கணக்கு அப்பிடித்தான் வந்தது ஐயா" என்றான். அவனுக்குப் பெருக்கத் தெரியும், பிரிக்கத் தெரியும், எண் எவ்வளவு பெரியது என்பது மட்டும் தெரியாது. அதனால்தான் கணக்கைத் தொடங்குமுன் விடை எதற்குக் கிட்ட வரும் என்று ஓரத்தில் எழுதச் சொன்னேன். தொண்ணூற்றெட்டை ஐம்பத்தொன்றால் பெருக்கவேண்டுமா, நூறு ஐம்பது ஐயாயிரம், விடை அதற்குப் பக்கத்தில்தான் நிற்கவேண்டும். வேறெங்காவது நின்றால் பிழை எங்கேயென்று பிள்ளையே தேடும்.

தோட்டஞ் செய்யும் நமசிவாயத்தின் மகள் குணலட்சுமி பள்ளிக்கூடச் சோதனையிலும் 'ஏறக்குறைய ஐயாயிரம்' என்று ஓரத்தில் எழுதி, செய்கையும் சரியான விடையும் கீழே எழுதினாள். அருளம்பலம் முழுவதையும் வெட்டிவிட்டு, "கணக்கிலை ஏறக்குறைய எண்டொரு சொல் இல்லை. உந்தக் கிழவனிட்டைப் போறதை விடு, இல்லாட்டில் பெரிய சோதனைக்கு உன்ரை பேரை அனுப்பமாட்டன்" என்றாராம். அவள் அடுத்த நாளும் வந்தாள். வேறு சிலர் நின்றுவிட்டார்கள், அவர்களைக் குறை சொல்லமாட்டேன்.

நமசிவாயம் தோட்டத்திலிருந்து மண்வெட்டியோடே வந்தார். "வாத்தியார், என்ரை புகையிலைக் கொட்டில் சும்மாதான் கிடக்குது. பள்ளிக்கூட வாசலுக்கு நேரெதிர். சுவரும் இல்லை, நீங்கள் கொஞ்சம் பலத்துக் கதைச்சால் பின்னேரம் அங்கை நிக்கிற தலைமையாசிரியருக்கும் கேக்கும்" என்றார். அம்மா, "சம்பந்தியளோடை பகையோ?" என்று அழுதாள். பகை எனக்கில்லை. ஆனால் சரியாக யோசித்த பிள்ளையைத் தண்டிக்கும்போது நான் உறவு பார்க்கமாட்டேன். பள்ளிக்கூடம் பேரை அனுப்பாவிட்டால் அவள் அந்தச் சோதனையைத் தனியாகவே எழுதுவாள், விண்ணப்பத்தில் தகப்பன் கையொப்பம் வைத்தாயிற்று.

பேரனை வாய்ப்பாடு பாடமாக்கச் சொல்லி அவசரப்படுத்தாதே. ஒரு பிடி புளியங்கொட்டையைக் காட்டி எத்தனை இருக்குமென்று முதலில் கேள். பிழைத்தால் சிரி, அடிக்காதே.

இதை மருமகனுக்கு ஒளிக்காமல் வாசித்துக் காட்டு. கோபமென்றால் அவர் எனக்கே எழுதட்டும், உன்னைக் கடியவேண்டாம். மூவரும் நோய்நொடியின்றி நீடு வாழ்க. கொதித்தாறிய தண்ணீரே குடியுங்கள். திங்கட்கிழமை வகுப்பு கொட்டிலில் தொடங்குகிறது, நான் பலத்துத்தான் கதைப்பேன்.

அன்புள்ள அப்பு,
க. தியாகலிங்கம்