மாட்டச் சொன்னது பல்பைத்தான்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் சுகம், என் முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு இருக்கிறது. நீ சுகமாக இல்லை என்று நேற்றுதான் தெரிந்தது. போனையும் நீ எடுப்பதில்லை, செய்தி அனுப்பலாம் என்றால் எந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் வருமோ என்று பயமாக இருக்கிறது, அதனால்தான் கடிதம்.

போன வாரம் அப்பாவுக்கு "பல்பு வாங்கிட்டேன்ப்பா, கழட்டி விட்டுட்டான்" என்று அனுப்பினாய் அல்லவா, அப்போது அவர் கடையில் இருந்தார். காலமெல்லாம் மின்சாமான் விற்கிற மனுஷனுக்குப் பல்பு என்றால் பல்புதான். உன் வாடகை வீட்டுச் சொந்தக்காரர் வந்து அதைக் கழட்டிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு, "கழட்டினவனையே மாட்டச் சொல்லு, பில்லு இருக்கா" என்று பதில் போட்டார். அவ்வளவு தூரத்தில் இருந்தாலும் மகள் தன்னிடம்தான் யோசனை கேட்கிறாள் என்று பக்கத்துக் கடைக்காரரிடம் பெருமை வேறு. நானும் சும்மா இருக்காமல் எத்தனை வாட் என்று கேட்கச் சொன்னேன். எங்கள் காலத்தில் "என்னத்தக் கழட்டினே" என்றால் என்ன வேலை செய்து கிழித்தாய் என்று அர்த்தம், அதைத் தாண்டி அந்த வார்த்தை எங்கேயும் போனதில்லை.

நேற்று உன் தம்பி வேலை விட்டு வந்து அதைப் படித்தான். முதலில் சிரித்தான், அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டான். "பல்பு வாங்கறதுன்னா ஏமாந்து நிக்கறதும்மா. கழட்டி விட்டுட்டான்னா, அக்கா விரும்பின அந்த இன்ஜினியர் அவள வேணாம்னுட்டாரு. நீங்க என்னடான்னா அவர்கிட்டயே போய் நிக்கச் சொல்லியிருக்கீங்க" என்றான். அப்பா போனை வாங்கித் தன் பதிலையே திரும்பப் படித்தார். பிறகு "பில்லு வேற கேட்டுட்டேனே" என்றார். இன்று காலை கடைக்கு வந்த ஒருவர் பல்பு கேட்டாராம், அப்பா இல்லை என்று அனுப்பிவிட்டார். பின்னால் அலமாரி முழுக்க அதுதான் இருக்கிறது.

நீ அவனிடம் போய் எதையும் கேட்காதே, அப்பா சொன்னது பல்புக்கு. அவன் இங்கே வந்திருந்தபோது ஒரு மணி நேரம் தன் காரைப் பற்றியே பேசினான், உனக்குப் பிடித்துவிட்டதே என்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி மூடப்போவதில்லை. அழ வேண்டுமானால் அழு, ஆனால் லீவு போட்டுவிட்டு அழு, வேலையில் தப்பு வரும்.

நன்றாக இரு, நன்றாகத் தூங்கு. இதைப் படித்ததும் அப்பாவுக்குப் போன் பண்ணு. "சாப்டியா" என்றுதான் கேட்பார், வேறெதுவும் கேட்கமாட்டார். அவர் கேட்பது சாப்பாட்டைப் பற்றி இல்லை. நீயாவது சரியாகப் புரிந்துகொள்.

இப்படிக்கு,
வாட் கேட்கச் சொன்ன அம்மா